'சக்தி'யின் கடைசிச் சுற்று... கொல்லிமலை ஏறும் முன் டவுன்லோடு பண்ண வேண்டிய ஆல்பம்!

இந்த ஆடிக்கு கொல்லிமலை பிளான் இருக்கா? காரவள்ளி அடிவாரத்திலிருந்து 70 கொண்டை ஊசி வளைவுகள். நடுவில் எங்காவது சிக்னல் கையை விரித்துவிட்டால், பாட்டும் அந்த வளைவிலேயே நின்றுவிடும். அதனால் கீழேயே ஓர் ஆல்பத்தை டவுன்லோடு பண்ணி வைத்துக்கொள்ளுங்கள். பெயர் 'மைண்ட் எக்ஸ்ப்ளோஷன்'. 'சக்தி' இசைக்குழு தன் 50-வது ஆண்டைக் கொண்டாடி 2023-ல் உலகம் சுற்றியபோது மேடையில் பதிவானது, வெளிவந்தது 2025-ல்.

இந்த இரண்டு வருட இடைவெளியில்தான் எல்லாம் மாறிப்போனது. 2024 டிசம்பர் 15 அன்று, அமெரிக்காவின் சான் பிரான்சிஸ்கோவில் தபேலா மேதை ஜாகிர் உசேன் காலமானார். வயது 73. ஊர் ஊராகப் போய் வாசித்த ஒரு டூரின் பதிவு, அவரோடு 'சக்தி' போன கடைசி டூரின் பதிவாக ஆகிவிட்டது.

ராக் உலகில் இப்படிக் கடைசிக் கச்சேரி ஆல்பங்கள் நிறைய உண்டு. 1969 ஜனவரி 30 அன்று லண்டன் சாவில் ரோவில், தங்கள் ஆபீஸ் மொட்டை மாடியில் பீட்டில்ஸ் 42 நிமிடம் வாசித்தார்களே, அந்த முழுப் பதிவும் தனி ஆல்பமாக வந்தது 2022-ல்தான். ஆனால் ஒரு வித்தியாசம் இருக்கிறது. அந்த மாடிப் பதிவு தொலைந்தே போயிருந்தாலும் 'கெட் பேக்' பாட்டு நமக்குக் கிடைத்திருக்கும். அது எழுதி முடித்த பாட்டு. 'சக்தி'யின் கதை வேறு. மெட்டும் தாளக் கணக்கும் முன்கூட்டியே பேசி வைத்ததுதான். ஆனால் அதற்கு நடுவில் ஒருவர் தட்ட, இன்னொருவர் பதில் சொல்ல, அப்படியே வளர்ந்துபோகும் பத்து நிமிடங்கள் எந்தக் காகிதத்திலும் கிடையாது. மைக் ஆன் ஆகியிருந்தால் உண்டு. இல்லையென்றால் போனது போனதுதான்.

யார் இவங்க?

ஆரம்பித்தவர் ஜான் மெக்லாஃப்லின், இங்கிலாந்துக்காரர். 'மகாவிஷ்ணு ஆர்கெஸ்ட்ரா' என்ற பேண்டில் எலக்ட்ரிக் கிட்டாரைக் காது கிழிய அலறவிட்ட மனிதர், 70-களின் நடுவில் அதையெல்லாம் ஓரம்கட்டிவிட்டு, சம்மணம் போட்டு உட்கார்ந்து அகௌஸ்டிக் கிட்டார் வாசிக்கத் தொடங்கினார். கூட ஜாகிர் உசேன், வயலினில் எல்.சங்கர், கடத்தில் நம்ம விக்கு விநாயக்ராம். ராக் ரசிகர்களுக்கு அப்போது பெரிய ஷாக். இதை ராக் பேண்ட் என்பதா, ஃப்யூஷன் என்பதா என்று இன்றைக்கும் சண்டை போடுகிறார்கள். போட்டுக்கொள்ளட்டும்.

முதல் ஆல்பமே லைவ்தான். 1975 ஜூலை 5, நியூயார்க் அருகே லாங் ஐலண்டில் ஒரு கல்லூரிக் கச்சேரி. மொத்தம் மூன்றே டிராக். அதில் ஒன்று கிட்டத்தட்ட 29 நிமிடம்! 30 செகண்ட் ரீல்ஸில் வாழும் நமக்குக் கொஞ்சம் மூச்சு முட்டும். ஆனால் ஒருதடவை முழுசாகக் கேட்டுப் பாருங்கள்.

70-களின் கடைசியில் குழு கலைந்தது. 1997-ல் 'ரிமெம்பர் சக்தி' என்ற பெயரில் மறுபடி சேர்ந்தார்கள். பிறகு வந்தவர் மாண்டலின் யூ.ஸ்ரீனிவாஸ். அந்தச் சின்ன வாத்தியத்தில் கர்னாடக சங்கீதத்தின் கமகத்தைக் கொண்டுவந்த அவர், 2014 செப்டம்பர் 19 அன்று சென்னையில் 45 வயதிலேயே போய்விட்டார்.

2023 டூரில் மேடையில் இருந்தவர்கள் ஐந்து பேர். மெக்லாஃப்லின் (அப்போது 81 வயது), ஜாகிர், பாடகர் சங்கர் மகாதேவன், 'கணேஷ் - குமரேஷ்' வயலின் ஜோடியின் கணேஷ் ராஜகோபாலன், கஞ்சிராவில் வி.செல்வகணேஷ். செல்வகணேஷ் விக்கு விநாயக்ராமின் மகன். இன்னொரு அடையாளம் வேண்டுமா? 'வெண்ணிலா கபடி குழு' படத்துக்கு மியூசிக் போட்டவர் இவர்தான்.

கிராமி வாங்கியது இது இல்லை

குழப்பிக்கொள்ளாதீர்கள். 2024 பிப்ரவரியில் கிராமி வாங்கியது 'திஸ் மொமன்ட்' என்ற ஸ்டூடியோ ஆல்பம். கொரோனா காலத்தில் ஆளுக்கொரு ஊரில் இருந்துகொண்டு, அவரவர் பகுதியை வாசித்து அனுப்பி, ஒட்டிச் சேர்த்தது. சுத்தமான வேலை, சந்தேகமில்லை. ஆனால் இந்த ஐந்து பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்து வாசித்தால் என்ன ஆகும் என்பதற்கு 'மைண்ட் எக்ஸ்ப்ளோஷன்'தான் சாட்சி. அதுவும் 2026 கிராமிக்கு இரண்டு பிரிவுகளில் பரிந்துரைக்கப்பட்டது; விருது கிடைக்கவில்லை. எனக்குக் கேட்டால், ஸ்டூடியோ ஆல்பத்தைவிட இதைத்தான் முதலில் கையில் கொடுப்பேன்.

எங்கிருந்து தொடங்கலாம்? 'ஸ்ரீனீஸ் டிரீம்'. மாண்டலின் ஸ்ரீனிவாஸ் நினைவாக உருவானது. ஸ்டூடியோ வடிவத்தையும் லைவ் வடிவத்தையும் அடுத்தடுத்து போட்டுக் கேளுங்கள். போய்விட்ட நண்பருக்காக வாசித்த ஜாகிரும் இப்போது இல்லை என்பது தெரிந்து கேட்கும்போது, அது வேறு பாட்டாகிவிடுகிறது.

தயவுசெய்து போன் ஸ்பீக்கரில் கேட்காதீர்கள். தபேலாவின் இடது கை கும்கி, தோலில் தண்ணீர் தடவி இறக்கிய கஞ்சிராவின் அடித்தொண்டைச் சத்தம், இரண்டும் அதில் வராது. ஹெட்போன் வேண்டும். வண்டி ஓட்டுபவருக்கு மட்டும் அது கிடையாது. 70 வளைவு, ஞாபகம் இருக்கட்டும்!

ஓரியின் மலையில் ஒரு கச்சேரி

சரி, இதை ஏன் கொல்லிமலையில் கேட்க வேண்டும்? செம்மேட்டில் சிலையாக நிற்கிற வல்வில் ஓரியைப் பார்த்திருப்பீர்கள். அவன் பெயரில் ஆடியில் அரசு விழாவே நடக்கிறது. புறநானூற்றின் 152-வது பாட்டில், வன்பரணர் ஒரு கச்சேரியைச் சொல்கிறார். இடம் மேடை இல்லை, காடு. ஒரே அம்பில் யானை, புலி, மான், பன்றி எல்லாவற்றையும் துளைத்துக் கடைசியில் உடும்பு வரை போன ஒரு வேடனைப் பாணர் கூட்டம் பார்க்கிறது. இவன் ஓரியாக இருப்பானோ என்ற சந்தேகம். உடனே அங்கேயே வாத்தியங்களை எடுக்கிறார்கள். முழவு, யாழ், யானைத் துதிக்கை போன்ற தூம்பு, எல்லரி, ஆகுளி, ஒரு முகம் மட்டும் உள்ள பதலை. இருபத்தொரு துறைகளையும் பாடி முடிக்கிறார்கள். புகழைக் கேட்டு வேடன் வெட்கப்படுகிறான்.

(பழைய கஞ்சிராவும் ஒரு முகத் தோல் வாத்தியம்தான், அதுவும் உடும்புத் தோல். இப்போது உடும்பைத் தொட்டால் வனச்சட்டம் பாயும். அதனால் மாற்றுத் தோல்களுக்குப் போகிறார்கள்.)

ஓரி பிறகு மலையமான் திருமுடிக்காரியோடு மோதிய போரில் இறந்தான். கொல்லிமலை சேரன் கைக்குப் போனது. அந்தக் காட்டுக் கச்சேரியின் வரிகள் நம்மிடம் இருக்கின்றன, வாத்தியங்களின் பெயர்கள்கூட வரிசையாக இருக்கின்றன. ஆனால் பதலையை எந்த வேகத்தில் தட்டினார்கள், யாழும் தூம்பும் எங்கே சேர்ந்தன என்பதை எந்த ஓலையும் பிடித்து வைக்கவில்லை.

ஆகாய கங்கைக்கு இறங்கும் படிகளில் ஹெட்போனைக் கழற்றிவிடுங்கள். அருவிச் சத்தம் வேண்டும், படியும் வழுக்கும். திரும்பி மேலே ஏறி வந்து, மூச்சு வாங்கி, ஒரு டீ சொல்லிவிட்டு, அப்புறம் 'ஸ்ரீனீஸ் டிரீம்' போடுங்கள்.