உண்ணிக்குப் பருவம் உண்டோ?
கோலசிலாங்கூர்த் தோட்டங்களின் காய்ச்சல் வரலாறு

'உண்' என்னும் வினையடியாகப் பிறந்தது உண்ணி என்னும் சொல் என்பதைத் தமிழாசிரியர்களுக்கு எடுத்துரைக்க வேண்டியதில்லை. நாயுண்ணி, மாட்டுண்ணி என நாம் கண்டறிந்தவை யாவும் பிறிதோர் உயிரின் குருதியை உண்டு பருப்பவை. ஆயின், தமிழ்நாட்டில் இன்று 'உண்ணிக் காய்ச்சல்' என வழங்கும் நோயைத் தருவது இவற்றுள் ஒன்றன்று. இவற்றின் சிறிய உறவு. சிற்றுண்ணி என அதனைக் குறிப்போம். அதன் குஞ்சு தன் வாழ்நாளில் ஒரே ஒரு முறைதான் விலங்கின் உடலில் ஏறி உண்கிறது. அப்பொழுதும் குருதியை உண்பதில்லை, தோலின் திசுநீரையே உறிஞ்சுகிறது. பெயருக்கு இத்துணைக் குறைவாகப் பொருந்தும் உண்ணி வேறில்லை. அந்த ஒருவேளை உணவுக்கு மலாயாத் தோட்டங்களில் நம்மவர் எத்தனையோ பேர் உயிரை விலையாகக் கொடுத்தனர்.

முட்டை மண்ணில் இடப்படுகிறது. அதிலிருந்து வரும் ஆறுகால் குஞ்சு, கண்ணுக்குப் புலப்படாத செம்புள்ளியாகப் புல் நுனியிலும் சருகின்மேலும் கூட்டமாகக் காத்திருந்து, அவ்வழி வரும் எலியின் காதிலோ மனிதனின் இடுப்பிலோ ஒட்டிக்கொள்கிறது. சில நாள் உண்டபின் உதிர்ந்து மண்ணுக்குள் புகுந்து எட்டுக்கால் பூச்சியாக வளர்கிறது. வளர்ந்தது யாரையும் கடிப்பதில்லை. பூச்சி முட்டைகளைத் தின்று மண்ணிலேயே வாழ்ந்து முடிகிறது. ஒருமுறை மட்டும் கடிக்கும் உயிர் ஒருவரிடமிருந்து நோயை எடுத்து இன்னொருவருக்குக் கொடுப்பது எங்ஙனம் என்பது ஆராய்ச்சியாளரைப் பல்லாண்டு திகைக்க வைத்த வினா. கிருமி தாயிடமிருந்து முட்டை வழியாகக் குஞ்சுக்கு இறங்குகிறது என்பதே விடை. எனவே, இந்நோய் குடியிருப்பது மனிதரிடத்திலன்று, எலியிடத்திலுமன்று; சிற்றுண்ணியின் வழித்தோன்றலில்தான்.

இனிப் பருவத்திற்கு வருவோம். சப்பானில் சினானோ, அகானோ முதலிய ஆற்றங்கரைகளில் வெள்ளம் வடிந்த நிலத்துக்குக் கோடையில் சென்ற உழவர்களை இந்நோய் பற்றியது. 'சுட்சுகாமுசி' என்று அவர்கள் இட்ட பெயரில் 'முசி' என்பது பூச்சியைக் குறிக்கும். வேலூர் வட்டாரத்தில் மழைக்குப் பின் குளிர் தொடங்கும் மாதங்களில் நோயாளிகள் பெருகுகின்றனர். மெய்யான உண்ணிகளிலும் இத்தகைய ஒழுங்கு உண்டு. கருநாடகத்துச் சிமோகா மாவட்டத்தில் 1957-ஆம் ஆண்டில் கண்டறியப்பட்ட கியாசனூர்க் காட்டுக் காய்ச்சல் மழை ஓய்ந்தபின் வருவது. அங்குள்ள காட்டுண்ணியின் இளம்பருவம் பெருகுவது அப்பொழுதுதான். விறகுக்கும் தழைக்கும் மக்கள் காடு புகுவதும் அப்பொழுதுதான். இவ்விடங்களிலெல்லாம் மாதத்தைச் சொன்னால் நோயை ஓரளவு சொல்லிவிடலாம்.

சிலாங்கூரில் அது செல்லாது. ஆண்டு முழுவதும் வெப்பம் ஏறக்குறைய ஒன்றே. மழை சித்திரையை ஒட்டியும் ஐப்பசியை ஒட்டியும் மிகுந்து, இடையில் சற்றுக் குறையும், முற்றும் ஓய்வதில்லை. தரை காய்ந்தால் சிற்றுண்ணி குறைவதும், நனைந்தால் பெருகுவதும் உண்மையே. ஆயினும் முட்டையும் குஞ்சும் எல்லா மாதத்திலும் உண்டு. அவ்வாறாயின் காய்ச்சல் சில தோட்டங்களில் சில ஆண்டுகளில் மட்டும் குவிந்தது ஏன்? இந்நிலத்தில் சிற்றுண்ணியின் பருவத்தை வகுத்தவை கோடரியும் மண்வெட்டியும் என்பதே என் கருத்து. காடு எப்பொழுது அழிந்தது, புல் எப்பொழுது முளைத்தது, கன்று எப்பொழுது நிழல் கட்டியது, தோட்டம் எப்பொழுது கைவிடப்பட்டது என்னும் கணக்கே இங்குப் பஞ்சாங்கம்.

இக்கணக்கைத் தொடங்கக் கோலசிலாங்கூரைவிடப் பொருத்தமான இடமில்லை. இரந்தாவ் பாஞ்சாங் தோட்டத்தில் என்றி போக்கொனியே என்னும் பிரெஞ்சுக்காரர் செம்பனை விதைகளை முதலில் ஊன்றிப் பார்த்தார். விதை சுமத்திராவின் டெலிப் பகுதியிலிருந்து வந்தது. பின்னர் 1917-ஆம் ஆண்டில், இன்று பெசுதாரி செயா எனப்படும் பத்தாங் பெர்சுந்தையை அடுத்த தென்னமரம் தோட்டத்தில், பயன் தராத காப்பியை நீக்கிச் செம்பனையை வணிக முறையில் பயிரிட்டார். நாட்டின் முதல் செம்பனைத் தோட்டம் தென்னையின் பெயரைத் தமிழிலேயே தாங்கி நிற்பது ஒரு வேடிக்கை. (இவரே 1930-இல் தம் மலேசிய நாவலுக்காகப் பிரான்சின் கோன்கூர்ப் பரிசையும் பெற்றார்.) அதே டெலியின் பெயரையே இந்நோயைப் பரப்பும் சிற்றுண்ணிகளுள் ஒன்றும் தன் அறிவியற் பெயரில் சுமக்கிறது. அங்குப் புகையிலைத் தோட்டத் தொழிலாளரிடம் இதையொத்த காய்ச்சலை ஷுப்னர் என்பார் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே விவரித்திருந்தார். விதையோடு பூச்சி கடல் தாண்டிற்று என்று எண்ணிவிடல் வேண்டா. அது இருகரையிலும் முன்பே இருந்தது. புதியது தோட்டம்தான்.

செம்பனைத் தோட்டம் சிற்றுண்ணிக்கு எவ்வாறு உதவிற்று என்பதைத் தோட்டத்தில் வாழ்ந்தவர் எளிதில் உணர்வர். பெருங்காட்டில் சிற்றுண்ணி இல்லாமலில்லை. ஆனால் சிதறிக் கிடந்தது. காட்டை வெட்டி எரித்த நிலத்தில் வெயில் பட்டதும் லாலாங் புல் எழுந்தது. புல்லோடு எலி வந்தது. கன்றுகள் இடைவெளி விட்டு நடப்பட்டமையால், ஓலைகள் ஒன்றோடொன்று தொடும் வரை சில ஆண்டுகள் தரை புதராகவே இருக்கும். காய்க்கத் தொடங்கியபின் உதிரிப் பழம் எலிக்குக் குறையாத விருந்து. வெட்டி அடுக்கிய மட்டை அதற்கு வீடு. எலி பெருகினால் குஞ்சுகளுக்கு உணவு பெருகும். அந்தப் புதருக்குள் நாள்தோறும் இறங்கியவர் யார்? புல் வெட்டியவரும், மரத்தடி துப்புரவு செய்தவரும், குனிந்து உதிரிப் பழம் பொறுக்கியவரும். தென்னிந்தியாவிலிருந்து வந்த ஆணும் பெண்ணுமே அவருள் பெரும்பாலோர். துரை பாதையில் நடந்தார். கங்காணி வரப்பில் நின்றார். தரையோடு தரையாகக் கிடந்த பூச்சியைத் தரையோடு வேலை செய்தவரே சந்தித்தனர்.

கோலாலம்பூரில் 1900-ஆம் ஆண்டில் தொடங்கிய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தில் வில்லியம் பிளெட்சரும் லெசுலாரும் 1920-களின் நடுவில் இக்காய்ச்சலை ஆராய்ந்தனர். நகரத்துக் கடைகளில் வேலை செய்வோருக்கு ஒருவகை, புதரில் வேலை செய்வோருக்கு மற்றொரு வகை எனக் கண்டு, அவற்றைக் 'கடை' டைபசு, 'புதர்' டைபசு எனப் பிரித்தனர். பின்னது எலித்தெள்ளால் வருவதன்று என்பது படிப்படியாகத் தெளிந்தது. பிரித்தறிய உதவியது தற்செயலாக வாய்த்த ஒரு கருவி. கிங்சுபரி என்னும் மருத்துவர் இலண்டனிலிருந்து ஒரு நுண்ணுயிர் வளர்ப்பைக் கொண்டுவந்தார். அது அவர் எதிர்பார்த்த வகையன்று எனத் தெரிந்தது. ஆயினும் புதர்க் காய்ச்சல் நோயாளியின் குருதிநீர் பட்டால் அதுவே திரண்டது, மற்றது திரளவில்லை. உலகின் மருத்துவமனைகளில் பல்லாண்டு வழங்கிய 'ஓஎக்சு-கே' சோதனையின் 'கே' அவர் பெயரின் முதலெழுத்தே.

நோய் ஒன்றா இரண்டா என்னும் வழக்கு அத்துடன் தீரவில்லை. கடித்த இடத்தில் கருத்த பொருக்கு உள்ளவருக்கு வந்தது சப்பானிய நோய் என்றும், பொருக்கு இல்லாதவருக்கு வந்தது வேறு என்றும் பிளெட்சர் குழுவினர் கருதினர். லூத்வெயிட்டும் சவூரும் 1930-கள் முழுவதும் விலங்குகளில் சோதித்து, இரண்டும் ஒன்றே என 1940-ஆம் ஆண்டில் நிறுவினர். கிருமியை நோயாளியின் பெயரால் குறிப்பது அக்கால ஆய்வகங்களில் வழக்கம். மலாயாவில் பிரித்தெடுத்து வெளிநாட்டு ஆய்வகங்களுக்குச் சென்ற ஒரு வகைக்கு உரோமன் எழுத்தில் இட்டிருந்த பெயரைப் படிக்கும் எந்தத் தமிழரும் அது ஒரு தமிழ்ப் பெண்ணின் பெயர் என உடனே சொல்லிவிடுவார். நோயாளியின் பெயர் என்பதால் அதனை ஈண்டு எழுதாது விடுகிறேன். இந்நோய் பற்றிய பழைய ஏடுகளில் தொழிலாளர் பெரும்பாலும் எண்களாகவே வருகின்றனர். எண்ணாக மாறாத பெயர் அந்த ஒன்றுதான் என் கண்ணில் பட்டது.

போர் வந்தது. சப்பானியர் ஆட்சியில் 1942 முதல் 1945 வரை தோட்டங்கள் பேணுவாரற்றுக் கிடந்தன. தொழிலாளர் ஆயிரமாயிரமாகச் சயாம் இரயில்பாதைக்குக் கொண்டுபோகப்பட்டனர். களையெடுத்த நிலமெல்லாம் லாலாங் ஏறிற்று. பஞ்சாங்கம் மீண்டும் முதற்பக்கத்திற்குத் திரும்பியது எனலாம். போரின்போது இம்பாலில் படைவீரரிடையே இந்நோயை ஆராய்ந்த ரால்ப் ஆடி போருக்குப்பின் கோலாலம்பூருக்கு வந்தார். கருந்தட்டுகளைப் புல்தரையில் வைத்து, அவற்றின்மேல் ஏறும் செம்புள்ளிகளை எண்ணுவது சிற்றுண்ணியை அளக்கும் முறை. எண்ணியபோது, அவை நிலமெங்கும் பரவியிராமல் சிறுசிறு திட்டுகளாக, தீவுகள் போல் இருந்தமை புலப்பட்டது. ஒரே வரிசையில் புல் வெட்டிய இருவருள் ஒருவர் மட்டும் படுக்கையில் விழுந்ததற்கு இதுவே காரணம். அவர் தீவை மிதித்தார். காட்டை அழித்துக் கைவிடும் மனிதனே இத்தீவுகளை ஆக்குகிறான் என்பதை ஆடி வலியுறுத்தினார். லாலாங்கில் வாழும் சிற்றுண்ணி இனம் ஒன்றுக்குப் பின்னாளில் பிளெட்சரின் பெயரே சூட்டப்பட்டது.

மருந்தும் இங்கேயே மெய்ப்பிக்கப்பட்டது. 1948-ஆம் ஆண்டில் சுமேடல், வுட்வர்டு முதலிய அமெரிக்கர், லூத்வெயிட்டு, சவூர் ஆகியோருடன் சேர்ந்து கோலாலம்பூரில் குளோரோமைசிட்டின் என்னும் புதுமருந்தைப் புதர்க் காய்ச்சலுக்குக் கொடுத்துப் பார்த்தனர். வாரக்கணக்கில் எரிந்த காய்ச்சல் ஏறக்குறைய ஒன்றரை நாளில் இறங்கியது. புதர்க் காய்ச்சல் என எண்ணி மருந்தளித்த சிலருக்கு இருந்தது குடற்காய்ச்சல் எனப் பின்னர்த் தெரிய, அவர்களும் தேறியமையால் குடற்காய்ச்சலுக்கும் மருந்து கிடைத்தது. ஒரு தேடலில் இரு கண்டுபிடிப்பு.

மெய்யான உண்ணிகளையும் சிலாங்கூர் விட்டுவைக்கவில்லை. 1956-ஆம் ஆண்டில் உலுலங்காட்டுக் காட்டெலிகளின் உண்ணியிலிருந்து ஒரு நச்சுயிரி பிரித்தெடுக்கப்பட்டு லங்காட்டு என்னும் பெயர் பெற்றது. அது கியாசனூர் நச்சுயிரியின் உறவு. ஆயினும் தோட்டத்தில் அதனால் இயல்பாக நோயுற்றார் எனச் சொல்ல ஒருவருமில்லை. சிலாங்கூரில் கொன்றது பெரியதன்று, சிறியதே.

மருந்து வந்தமையால் நோய் ஒழிந்தது என்று பலர் நம்பினர். தீபகற்ப மலேசியாவின் நாட்டுப்புறத்தில் காய்ச்சலுக்காக மருத்துவமனையில் சேர்ந்த 1,629 பேரை ஆராய்ந்து 1984-இல் வெளியான கட்டுரை வேறு கதை சொல்கிறது. அனைவருள்ளும் நூற்றுக்கு 19.3 பேருக்கு இந்நோய். செம்பனைத் தொழிலாளரை மட்டும் எடுத்தால் 46.8. மலேரியாவும் குடற்காய்ச்சலும் இதற்குப் பின்னேதான் நின்றன. அக்கட்டுரையை எழுதியவருள் ஒருவர் செகதீசன். 1966-ஆம் ஆண்டு பாங்காக் ஆசிய விளையாட்டில் மூன்று பொற்பதக்கம் வென்ற ஓட்டக்காரர் அவரே.

கருத்த பொருக்கு எல்லாரிடமும் காணப்படுவதில்லை. இருந்தாலும் அக்குளிலோ அரையிலோ மறைந்திருக்கும், வலிப்பதுமில்லை. ஆகவே காய்ச்சலோடு வருபவரிடம் மருத்துவர் கேட்க வேண்டியது, எந்த மாதம் என்பதைவிட, எந்த நிலத்தில் என்ன வேலை என்பதே. நம்மவர் பெரும்பாலும் தோட்டத்தை விட்டு வெளியேறிவிட்டனர். இன்று மறுநடவு செய்த இளஞ்செம்பனைக்கிடையே குனிந்து நிற்பவர் இந்தோனேசியாவிலிருந்தும் வங்காளதேசத்திலிருந்தும் வந்தவர்கள். அக்கேள்வியை அவர்களுடைய மொழியில் கேட்க ஆள் வேண்டும்.