தென்துருவம் சென்ற டிராக்டர்: பனியில் ஓட மாற்றியமைக்கப்பட்ட வண்டிகள்

அறந்தாங்கி, ஆவுடையார்கோயில், மணமேல்குடி எனக் கல்லணைக் கால்வாயின் கடைமடை வயல்களில் சேற்றுழவு நடப்பதைப் பார்த்தவர்களுக்கு ஒன்று தெரியும். டிராக்டர் வெறும் டயரோடு சேற்றில் இறங்காது. பின்சக்கரத்தில் இரும்புக் கம்பிகளால் ஆன கூண்டு போன்ற சக்கரத்தை மாட்டிக்கொண்டுதான் இறங்கும். ‘கேஜ் வீல்’ என்று சொன்னால் சிறு பிள்ளைகளுக்கும் புரியும். அறுவடை நேரத்தில் மழை பெய்து வயல் ஈரமாகிவிட்டால் டயர் வைத்த அறுவடை எந்திரத்தை விட்டுவிட்டு, வாடகை கூடுதலானாலும் ‘பெல்ட் டைப்’ வண்டியைத் தேடிப் போகிறோம். எந்திரத்தின் பலம் இரண்டிலும் ஏறக்குறைய ஒன்றுதான். பாதம்தான் வேறு.

பூமியின் தென்கோடியில், ஆண்டு முழுவதும் பனி மூடிய அண்டார்டிகா கண்டத்தில் வண்டி ஓட்ட முயன்றவர்கள் சந்தித்ததும் இதே சிக்கல்தான். அங்கே சேற்றுக்குப் பதில் ஆழம் தெரியாத பனி.

கணக்கு எளிது. ஒரு டன் எடை ஆயிரம் சதுர சென்டிமீட்டர் பரப்பில் இறங்கினால் ஒவ்வொரு சதுர சென்டிமீட்டரும் ஒரு கிலோவைச் சுமக்கும். அதே எடையைப் பத்தாயிரம் சதுர சென்டிமீட்டரில் பரப்பினால் நூறு கிராம்தான். மணலில் குதிரையின் குளம்பு புதைகிறது. அதைவிட எடை மிகுந்த ஒட்டகம் அகன்ற, மெத்தென்ற பாதத்தை விரித்து வைத்து நடந்து போய்விடுகிறது. பிரிட்டனின் ராபர்ட் ஸ்காட் தென்துருவப் பயணத்துக்குக் கொண்டுபோன மட்டக்குதிரைகள் பனியில் வயிறு வரை புதைந்து தவித்தன. அவருக்கு முன்பே துருவத்தை அடைந்துவிட்ட நார்வேயின் அமுண்ட்சென் நாய்களையும் பனிச்சறுக்குக் கட்டைகளையும் நம்பியவர்.

வண்டிகளின் தொடக்கமும் தோல்விதான். 1908-இல் ஷாக்கிள்டன் அண்டார்டிகாவுக்கு ஒரு அரோல்-ஜான்ஸ்டன் மோட்டார் காரைக் கொண்டுபோனார். உறைந்த கடலின் கெட்டியான பரப்பில் அது ஓடியது. பொலபொலவென்ற பனியில் சக்கரம் சுழன்றதே தவிர வண்டி நகரவில்லை. ஸ்காட் சங்கிலிப் பட்டை வைத்த மூன்று மோட்டார் சறுக்குவண்டிகளைச் செய்வித்தார். ஒன்று கப்பலிலிருந்து இறக்கும்போதே பனி உடைந்து கடலுக்குள் போனது. மற்ற இரண்டும் புறப்பட்ட சில நாட்களில் என்ஜின் பழுதாகி நின்றுவிட்டன. பட்டை என்னும் யோசனை சரியாகவே இருந்தது. அதைச் சுமக்கும் என்ஜின்தான் அன்று உருவாகவில்லை.

பணமும் படிப்பும் சேர்ந்து சறுக்கிய கதை ஒன்றைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். 1939-இல் அமெரிக்காவில் தாமஸ் பவுல்ட்டர் என்ற அறிவியலாளர் ‘ஸ்நோ குரூசர்’ என்ற வண்டியை வடிவமைத்தார். நீளம் சுமார் 17 மீட்டர், அகலம் 6 மீட்டர், எடை சுமார் 34 டன். உள்ளே படுக்கை, சமையலறை, ஆய்வுக்கூடம், புகைப்பட அறை. மேல்கூரையில் ஒரு சிறிய விமானம். இரண்டு டீசல் என்ஜின்கள் மின்சாரம் உண்டாக்க, ஒவ்வொரு சக்கரத்தையும் ஒரு மின்மோட்டார் சுழற்றும். ஒரு டயரின் உயரமே 3 மீட்டர், இரண்டு ஆள் உயரத்துக்குச் சற்றுக் குறைவு. சிகாகோவிலிருந்து பாஸ்டன் துறைமுகத்துக்குச் சாலை வழியாக வந்தபோது வேடிக்கை பார்க்கக் கூட்டம் திரண்டது. வழியிலேயே பாலத்தை ஒட்டிய ஓடையில் ஒருமுறை இறங்கி நின்றுவிட்டது.

1940 ஜனவரியில் அண்டார்டிகாவில் இறக்கியபோது குட்டு வெளிப்பட்டது. அந்த டயர்கள் சதுப்பு நிலத்தை மனதில் வைத்துச் செய்யப்பட்டவை. பள்ளமும் மேடும் இல்லாத வழவழப்பான டயர்கள். பனியில் பிடிமானமே இல்லை. மூன்று அடி வரை புதைந்து இருந்த இடத்திலேயே சுழன்றன. உதிரியாகக் கொண்டுவந்த இரண்டு டயர்களை முன்சக்கரங்களோடு இரட்டையாக மாட்டினார்கள், பின்சக்கரங்களில் சங்கிலி சுற்றினார்கள். பிறகுதான் ஒரு விசித்திரம் தெரிந்தது: வண்டி ரிவர்ஸில் போனால் கொஞ்சம் நன்றாகப் போகிறது! அதன் மிக நீண்ட பயணமான 148 கிலோமீட்டர் முழுவதும் பின்பக்கமாகவே ஓட்டப்பட்டது. அதன்பின் நிறுத்தி வைத்து, தங்கும் வீடாகப் பயன்படுத்தி, கடைசியில் விட்டுவிட்டு வந்தார்கள். 1958-இல் பனிக்கு அடியில் புதைந்திருந்ததைத் தோண்டிப் பார்த்தவர்கள் உண்டு. பிறகு யார் கண்ணிலும் படவில்லை.

அதே 1958-இல்தான் முதல் மோட்டார் வண்டிகள் தரைவழியாகத் தென்துருவத்தை அடைந்தன. அவை பண்ணை டிராக்டர்கள் என்பதுதான் ஆச்சரியம். எவரெஸ்ட் ஏறிய எட்மண்ட் ஹிலாரியிடம் இருந்தவை பெர்குசன் டி.இ.20 ரக டிராக்டர்கள். 30 குதிரைத்திறன்கூட இல்லை. எடை ஒரு டன்னுக்குச் சற்று மேல். இந்த பெர்குசன்தான் மேசி நிறுவனத்தோடு சேர்ந்து ‘மேசி பெர்குசன்’ ஆனது. 1960-இல் சென்னையில் தொடங்கப்பட்ட டாஃபே நிறுவனம் அந்தப் பெயரில்தான் டிராக்டர் செய்து வருகிறது. நம் ஊரில் ‘மேசி வண்டி’ என்கிறோமே, அதன் மூத்த தலைமுறை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

செய்த மாற்றங்களும் பட்டறையில் செய்யக்கூடியவையே. முன்சக்கரத்துக்கும் பின்சக்கரத்துக்கும் நடுவே ஒரு கூடுதல் சக்கரம். மூன்றையும் சுற்றி ஒரு பட்டை. பட்டை மாட்டிவிட்டால் ஸ்டியரிங்கால் திருப்ப முடியாது. இடப்பக்க பிரேக்கையோ வலப்பக்க பிரேக்கையோ மிதித்துத்தான் திருப்ப வேண்டும். குளிருக்கேற்ற பேட்டரி, காற்றைத் தடுக்க கான்வாஸ் மறைப்பு. பின்னால் சறுக்குவண்டிகளில் எரிபொருளும் உணவும். ஒரு டிராக்டர் பிளவில் விழுந்தால் மற்றவை இழுத்துப் பிடிக்கட்டும் என்று எல்லாவற்றையும் கயிற்றால் பிணைத்திருந்தார்கள்.

ஹிலாரிக்குக் கொடுத்த பொறுப்பு துருவத்தைத் தொடுவதல்ல. எதிர்க்கரையிலிருந்து கண்டத்தைக் குறுக்கே கடந்துவரும் விவியன் ஃபுக்ஸ் குழுவுக்காக, பாதிவழி வரை எரிபொருள் கிடங்குகள் அமைப்பது. 1957 அக்டோபர் 14-இல் புறப்பட்டுக் கிடங்குகளை அமைத்து முடித்தவர், டிராக்டர்கள் ஓடுகின்றனவே என்று மேலே போய்விட்டார். கூட வந்த வீசல் வண்டி வழியில் பழுதாகி நின்றது. மூன்று டிராக்டர்களும் ஐந்து பேரும் 1958 ஜனவரி 4-இல் துருவம் சேர்ந்தபோது தொட்டியில் மிச்சமிருந்தது சுமார் 20 காலன் பெட்ரோல். அது துணிச்சலா, பொறுப்பை மீறிய செயலா என்று அன்று பத்திரிகைகளில் பெரிய வாக்குவாதமே நடந்தது. கிடங்கு வேலையை முடித்த பிறகே போனார் என்பதால் நான் அவரைக் குறை சொல்லமாட்டேன்; ஆனால் அந்த 20 காலன் கணக்கு உறுத்தத்தான் செய்கிறது. நியூசிலாந்து பின்னாளில் வெளியிட்ட ஐந்து டாலர் நோட்டில் ஹிலாரியின் முகத்தோடு அந்த டிராக்டரும் இடம்பெற்றது.

ஃபுக்ஸ் குழுவின் முக்கிய வண்டி ‘ஸ்நோ-கேட்’. நான்கு சக்கரங்களின் இடத்தில் தனித்தனியாக நான்கு பட்டைகள், நான்கும் திரும்பும். 99 நாட்களில் சுமார் 3,470 கிலோமீட்டர் கடந்தார்கள். அப்படிப்பட்ட வண்டியும் பிளவின் மேல் அந்தரத்தில் தொங்கிய நேரம் உண்டு. பனிப்பிளவு என்பது பனிப்பாளம் மெல்ல நகரும்போது ஏற்படும் வெடிப்பு. மேலே மெல்லிய பனி மூடியிருப்பதால் கண்ணுக்குத் தெரியாது. பரந்த பாதம் புதையாமல் காக்கும், பிளவிலிருந்து காக்காது. 1959 நவம்பரில் ஸ்நோ-கேட் ஒன்று பிளவில் விழுந்து நியூசிலாந்து அதிகாரி ஒருவர் இறந்தார். 1965 அக்டோபரில் பிரிட்டிஷ் குழுவின் மஸ்கெக் டிராக்டர் விழுந்ததில் மூவர் இறந்தார்கள்.

எடை மிகுந்த வண்டியே கூடாது என்றும் சொல்லிவிட முடியாது. பீரங்கி இழுக்கும் இராணுவ வண்டியை அடிப்படையாகக் கொண்டு சோவியத் நாட்டின் கார்கிவ் நகரில் செய்த ‘கார்கோவ்சங்கா’ வண்டி, 1959 டிசம்பர் 26-இல் துருவத்தை அடைந்தது. அதன் எடை சுமார் 35 டன், அதாவது ஸ்நோ குரூசர் அளவுதான். ஆனால் அகலமான இரும்புப் பட்டை, வெளியே இறங்காமல் உள்ளிருந்தே என்ஜினைப் பழுதுபார்க்கும் வசதி. வெறும் கையால் இரும்பைத் தொட்டால் தோல் ஒட்டிக்கொள்ளும் குளிரில், இரண்டாவது வசதி முதலாவதுக்குச் சளைத்ததல்ல.

நம் நாட்டுக்கு வருவோம். அலிகர் முஸ்லிம் பல்கலைக்கழகத்தில் பயின்ற கடலியல் அறிஞர் டாக்டர் எஸ்.இசட். காசிம் தலைமையில் 21 பேர் கொண்ட முதல் இந்தியக் குழு, 1981 டிசம்பர் 6-இல் கோவாவிலிருந்து கப்பலேறி 1982 ஜனவரி 9-இல் அண்டார்டிகாவில் இறங்கியது. காசிம் பின்னாளில் ஜாமியா மில்லியா இஸ்லாமியாவின் துணைவேந்தராகவும் இருந்தார். இன்று அங்கே நமக்கு ‘மைத்ரி’, ‘பாரதி’ என்னும் ஆய்வு நிலையங்கள் உள்ளன. மைத்ரி கடலோரத்தில் இல்லை. கப்பல் சரக்கு இறக்கும் பனிவிளிம்பிலிருந்து சுமார் 100 கிலோமீட்டர் உள்ளே. அந்தத் தூரத்துக்கு டீசலையும் உணவையும் இழுத்துச் செல்வது ‘பிஸ்டன்புல்லி’ என்ற ஜெர்மன் வண்டி. பனிச்சறுக்கு விளையாட்டு மைதானங்களில் பனியைச் சமன் செய்யப் பிறந்தது. இங்கே சரக்கு இழுக்கிறது. அகன்ற ரப்பர் பட்டையில் வரிசையாக உலோகச் சட்டங்கள் பதித்திருக்கும்.

2010 நவம்பர் 13-இல் ரசிக் ரவீந்திரா தலைமையில் எட்டு இந்தியர்கள் மைத்ரியிலிருந்து தென்துருவத்துக்குப் புறப்பட்டார்கள். அவர்கள் சென்றது பட்டை வண்டியில் அல்ல, டயர் வண்டியில்! ஐஸ்லாந்தின் ‘ஆர்க்டிக் டிரக்ஸ்’ நிறுவனம் மாற்றியமைத்த டொயோட்டா ஹைலக்ஸ் அவை. சவூதியிலும் குவைத்திலும் தெருவுக்குத் தெரு நிற்குமே, அதே பிக்கப் வண்டிதான்.

டயர் பனியில் வெல்லாது என்று ஸ்நோ குரூசர் காட்டிய பிறகு இது எப்படி? வளைகுடாவில் வண்டி ஓட்டும் நம் சகோதரர்களுக்கு விடை தெரியும். பாலைமணலில் இறங்குமுன் டயர் காற்றைப் பாதியாக இறக்கிவிடுவார்கள். டயர் தரையை அழுத்தும் அழுத்தம் ஏறக்குறைய அதனுள் இருக்கும் காற்றழுத்தத்தின் அளவே. காற்று குறையக் குறைய டயர் தட்டையாகி, பாதம் விரியும். சாலையில் 30 பவுண்டு இருக்க வேண்டிய டயரில் பனிக்காக இரண்டு, மூன்று பவுண்டு வரை இறக்குகிறார்கள். அதற்கு இடம் கொடுக்கவே 44 அங்குல உயரமுள்ள அகன்ற டயர், அது உரசாதபடி வெட்டி விரித்த மட்கார்டு. இவ்வளவு காற்று இறங்கினால் டயர் ரிம்மிலிருந்து கழன்றுவிடும் ஆபத்து உண்டு. அதனால் ரிம்மும் அதற்கென்றே செய்தது. டீசல் குளிரில் கெட்டிப்படும் என்பதால் அங்கே விமான எரிபொருளை ஊற்றுவது வழக்கம். (கடற்கரையில் காற்று இறக்கியவர்கள் திரும்பத் தார்ச்சாலைக்கு வருமுன் கட்டாயம் நிரப்பிவிடுங்கள். காற்றில்லாத டயர் வேகத்தில் சூடேறி வெடிக்கும்.)

தென்துருவத்தில் செப்டம்பர் இறுதியில் உதிக்கும் சூரியன் மார்ச் வரை மறைவதில்லை. உணவும் உறக்கமும் கடிகாரத்தை வைத்துத்தான். அப்படிப்பட்ட இடத்தில் தொழுகை நேரங்களை மதிப்பிட்டுக்கொள்வது பற்றி ஃபிக்ஹு அறிஞர்கள் பேசியிருக்கிறார்கள். அது தனிக் கட்டுரைக்குரிய விஷயம்.

இந்தியக் குழு நவம்பர் 22-இல் துருவம் சேர்ந்தது. சுமார் 4,680 கிலோமீட்டர் ஓடி, டிசம்பர் 1-இல் அதே வண்டிகளில் மைத்ரிக்குத் திரும்பியது.