ஹெர்ச்செல் கிண்ணக்குழி (மைமாசு)

ஹெர்ச்செல் என்பது சனிக் கோளின் துணைக்கோளான மைமாசில் உள்ள மிகப்பெரிய மோதல் கிண்ணக்குழியாகும். இதன் விட்டம் ஏறத்தாழ 139 கி.மீ. மைமாசின் விட்டமோ 396 கி.மீ. மட்டுமே. அதாவது துணைக்கோளின் குறுக்களவில் மூன்றில் ஒரு பங்கை இந்த ஒரே குழி பிடித்துக்கொண்டுள்ளது. புவியில் இதே விகிதத்தில் ஒரு குழி ஏற்பட்டால் அதன் அகலம் 4,000 கி.மீ.யைத் தாண்டும்.

கண்டுபிடிப்பும் பெயரும்

மைமாசை வில்லியம் ஹெர்ச்செல் 1789 செப்டம்பர் 17 அன்று தமது 40 அடி தொலைநோக்கியின் துணையுடன் கண்டறிந்தார். அதற்குப் பெயரிட்டவர் அவருடைய மகன் ஜான் ஹெர்ச்செல் (1847). அடுத்த இரு நூற்றாண்டுகள் வரை அது ஓர் ஒளிப்புள்ளியாக மட்டுமே தெரிந்தது. 1980 நவம்பரில் வொயேஜர் 1 விண்கலம் அனுப்பிய படங்களில்தான் குழி வெளிப்பட்டது. 1982-இல் பன்னாட்டு வானியல் ஒன்றியம் அதற்கு ஹெர்ச்செலின் பெயரைச் சூட்டியது. மைமாசின் மற்றக் குழிகள் பெரும்பாலும் ஆர்தர் மன்னர் கதைமாந்தரின் பெயர்களைக் கொண்டவை.

'ஸ்டார் வார்ஸ்' திரைப்படத்தில் வரும் 'டெத் ஸ்டார்' கோளத்தை மைமாசு அப்படியே ஒத்திருப்பதால், படம் எடுத்தவர்கள் இதைப் பார்த்தே வடிவமைத்தனர் என்று சிலர் எண்ணுவதுண்டு. அது தவறு. படம் வெளிவந்தது 1977-இல். குழியை மனிதர் முதன்முதலில் கண்டது அதற்கு மூன்று ஆண்டுகள் கழித்து.

நில அமைப்பு

குழியின் சுவர்கள் ஏறத்தாழ 5 கி.மீ. உயரமுள்ளவை. தரையின் சில பகுதிகள் 10 கி.மீ. ஆழம் வரை செல்கின்றன. நடுவில் தரையிலிருந்து சுமார் 6 கி.மீ. உயரத்திற்கு ஒரு குன்று எழுந்து நிற்கிறது. பெரிய மோதலின்போது பனிக்கட்டி சிறிது நேரம் குழம்புபோல் நடந்துகொள்கிறது. அமுக்கப்பட்ட தரை மீண்டும் மேலெழும்பி, அந்நிலையிலேயே உறைந்துவிடுவதால் மையக் குன்று உண்டாகிறது. மோதிய பொருள் இன்னும் பெரிதாக இருந்திருந்தால் மைமாசே சிதறியிருக்கும் என்று கருதப்படுகிறது.

இங்கு கவனிக்க வேண்டியது குழியின் ஆழம். உள்ளே வெப்பமுள்ள பனித் துணைக்கோள்களில் பனிக்கட்டி மெல்ல இளகி நகர்வதால், பழைய குழிகளின் தரை மேலே உப்பி ஆழம் குறைந்துவிடும். மைமாசின் அண்டை வீடான என்செலடசில் இதைக் காணலாம். ஹெர்ச்செலின் ஆழமோ குறையவில்லை. என்செலடசில் உள்ளதுபோன்ற பிளவுகளோ நீர்ப் பீச்சல்களோ மைமாசில் இல்லை. எனவே மைமாசு உள்வரை உறைந்த, செயலற்ற பனிக்கட்டி என்ற முடிவு பல ஆண்டுகள் நிலைத்தது.

மறைந்திருந்த கடல்

காசினி விண்கலத்தின் படங்களை ஆராய்ந்த ரட்வான் தாஜெதீன் குழுவினர், மைமாசு சுழலும்போது எதிர்பார்த்ததைவிட இருமடங்கு அசைந்தாடுவதை 2014-இல் அறிவித்தனர். இதற்கு அவர்கள் இரு காரணங்களை முன்வைத்தனர்: நீள்வடிவப் பாறை உள்ளகம், அல்லது பனி ஓட்டின் அடியில் ஒரு கடல். கடல் இருக்குமானால் மெல்லிய ஓட்டின் மீது ஹெர்ச்செல் எப்படி உருவாயிற்று என்ற கேள்வி எழுந்தது.

அடீன் டென்டன், அலிசா ரோடன் ஆகியோர் 2022-இல் கணினி மாதிரிகளைக் கொண்டு இதற்கு விடை தேடினர். இன்று இருக்கக்கூடிய 30 கி.மீ.க்கும் குறைந்த ஓட்டின் மீது அந்த மோதல் நிகழ்ந்திருந்தால் ஓடு உடைந்து, இப்போதுள்ள வடிவம் கிடைத்திருக்காது. மோதலின்போது ஓடு குறைந்தது 55 கி.மீ. தடிமன் கொண்டிருக்க வேண்டும். அதாவது குழி முதலில் தோன்றியது. ஓடு பிறகு உருகி மெலிந்தது. கடலே இல்லை என்பதற்குச் சான்றாகத் தோன்றிய குழி, இவ்வாறு கடலின் காலத்தைக் கணிக்கும் கருவியாயிற்று.

2024 பிப்ரவரியில் வலேரி லேனே குழுவினர் 'நேச்சர்' இதழில் வெளியிட்ட ஆய்வு, மைமாசின் சுற்றுப்பாதை மாறும் விதத்தையும் கணக்கில் கொண்டது. பாறை உள்ளகத்தால் அதை விளக்க வேண்டுமானால் உள்ளகம் அப்பம்போல் தட்டையாக இருக்க வேண்டும். அது நடைமுறையில் பொருந்தவில்லை. 20 முதல் 30 கி.மீ. ஆழத்தில் கடல் உள்ளது என்றும், அது தோன்றி 2.5 கோடி ஆண்டுகளுக்கும் குறைவே ஆகிறது என்றும் அவர்கள் கணக்கிட்டனர். மேற்பரப்பில் தன் அடையாளத்தைப் பதிக்க அந்தக் கடலுக்கு இன்னும் நேரம் போதவில்லை. காசினி 2017 செப்டம்பரிலேயே சனியின் வளிமண்டலத்தில் எரிந்து முடிந்துவிட்டது. இந்தக் கணக்குகள் அது விட்டுச்சென்ற தரவுகளைக் கொண்டு செய்யப்பட்டவை.