குறைந்தது மூணு!

1-ஐ விடப் பெரிய எந்த முழு எண்ணை எடுத்தாலும், அதுக்கும் அதோட இருமடங்குக்கும் நடுவில் ஒரு பகா எண்ணாவது இருக்கும். 1845-ல் பிரான்சில் பெர்ட்ரான் சொன்ன ஊகம் இது. ரஷ்யாவில் செபிஷேவ் அதை நிரூபிச்சார்.

ஆத்தூர்ல இருந்து சேலம் தாண்டிப் போனா ஈரோடு. அங்கே 1887-ல் பிறந்த ராமானுஜன், 1919-ல் இந்தியக் கணிதக் கழக இதழில் இதுக்கு ரொம்பச் சின்ன நிரூபணம் ஒண்ணு கொடுத்தார். அதோட நிற்கலை. ஓர் எண்ணோட பாதிக்கு மேல தொடங்கி அந்த எண் வரைக்கும் எண்ணினா, 11-லிருந்து குறைந்தது 2 பகா எண்கள், 17-லிருந்து குறைந்தது 3, 29-லிருந்து குறைந்தது 4, 41-லிருந்து குறைந்தது 5 இருக்கும்னு காட்டினார்.

ஆத்தூர்ல நான் கணக்கு சொல்லித்தர்ற பிள்ளைங்க இங்கேதான் மடக்குவாங்க: "சார், 20-க்கு 11, 13, 17, 19னு நாலு வருதே! அவர் மூணுதானே சொன்னார்?"

"குறைந்தது மூணு"ன்னு சொன்னார். நாலு வந்தாலும் அது உண்மைதான். "மூணுக்குச் சமம்"னு சொல்லியிருந்தா, இந்த 20-லேயே பொய்யாகியிருக்கும்.

பகா எண்கள் ஒழுங்கா வரிசையில் வராது. அதனால ஒவ்வொரு எண்ணுக்கும் சரியா இத்தனைன்னு சொல்றது கஷ்டம். ஆனா 41-க்கு மேல எத்தனை கோடி போனாலும் அஞ்சுக்குக் குறையாதுன்னு ஒரே வரியில் சொல்ல முடியுது. அதைச் சொல்றது அசமன்பாடு. அடுத்த தடவை ≥ குறியைப் பார்த்தா, "இதுக்குக் கீழே இறங்காது"ன்னு வாய்விட்டுப் படிச்சுப் பாருங்க.