காலியான ஆசனமும் ஒரு விண்ணப்பமும்

ரயில்வேயிலும் அரசாங்க அலுவலகங்களிலும் எழுத்து வேலைக்கென்று வந்து, பிரிக்பீல்ட்ஸ், கிள்ளான் பக்கம் குடியேறிய யாழ்ப்பாணத்தாருக்கு விண்ணப்பம் எழுதுவது கைவந்த கலை. மலாயா மண்ணில் கற்றதல்ல அது. இலங்கைத் தமிழர் அமைப்புகளின் வரலாற்றைப் பேசும்போது 1879-ஆம் ஆண்டு யாழ்ப்பாணத்து வண்ணார்பண்ணையையும் பேசத்தான் வேண்டும்.

அந்த ஆண்டு மே மாதத் தொடக்கத்தில் சர் முத்துக்குமாரசுவாமி காலமானார். இலங்கைச் சட்டநிரூபண சபையில் தமிழருக்கு இருந்த ஒரே ஆசனம் அவருடையது. தேர்தல் கிடையாது, மகாராணியின் பிரதிநிதியான தேசாதிபதி பார்த்து நியமிப்பார். இரண்டு பெயர்கள் அடிபட்டன. ஒருவர் அப்புக்காத்து கிறிஸ்தோபர் பிரிட்டோ, ‘யாழ்ப்பாண வைபவமாலை’யை ஆங்கிலத்தில் தந்தவர், இலேசான ஆளல்ல. மற்றவர் பொன்னம்பலம் இராமநாதன், வயது 28.

ஆறுமுக நாவலர் இராமநாதன் பக்கம் நின்றார். வண்ணார்பண்ணைச் சைவப்பிரகாச வித்தியாசாலையில் பொதுக்கூட்டம் கூட்டினார். தேசாதிபதி சர் ஜேம்ஸ் லோங்டனுக்கு விண்ணப்பம் போயிற்று. பஞ்ச காலத்தில் கஞ்சித்தொட்டி வைத்து ஊருக்குச் சோறு போட்டவர் அழைத்தால் சனம் வராமலா இருக்கும்? இராமநாதனுக்கே நியமனம் கிடைத்தது. அந்த ஆண்டு டிசம்பரில் நாவலர் மறைந்தார்.

விழா மலர்களில் வழக்கமாக விட்டுவிடும் ஒன்றையும் சொல்லிவிடலாம். இராமநாதன் முத்துக்குமாரசுவாமியின் மருமகன், சகோதரி மகன். முத்துக்குமாரசுவாமியின் தகப்பனாரும் அதே ஆசனத்தில் இருந்தவர். ஆக, சனத்தின் விருப்பம் என்று போன விண்ணப்பம் ஆசனத்தை ஒரே குடும்பத்துக்குள் வைத்துக்கொள்ளவும் உதவியது. இராமநாதன் அதற்குத் தகுதியானவர் என்பதைப் பின்னாளில் காட்டினார் என்பது வேறு விஷயம்.

அந்த ‘ஒரே ஆசனம்’ மலாயாவுக்கும் வந்தது. 1948-இல் அமைந்த கூட்டரசுச் சட்டமன்றத்தில் இலங்கையருக்கு நியமன இடம் ஒன்று. அதில் இருந்தவர் இ.இ.சி. துரைசிங்கம், பிறகு கல்விப் பொறுப்பையும் ஏற்றவர். மெர்டேக்காவுக்குப் பின் தனி இடம் போயிற்று. எஞ்சியது அரசியலமைப்பின் 45-ஆம் பிரிவு: மாமன்னர் நியமிக்கும் மேலவை உறுப்பினர்களில் சிறுபான்மை இனங்களின் பிரதிநிதிகளும் இருக்கலாம். 1958-இல் எம்.டபிள்யூ. நவரத்தினம் தொடங்கிய மலாயா இலங்கையர் காங்கிரஸ் போன்ற அமைப்புகளுக்கு இந்த ஒரு வரிதான் பிடிமானம்.

‘இருக்கலாம்’ என்பதற்கும் ‘உண்டு’ என்பதற்கும் எவ்வளவோ தூரம். அன்று ஒருவர் மறைந்தால் அந்த ஆசனம் தமிழருக்கென்றே காத்திருந்தது. இன்று மேலவையில் ஓர் இடம் காலியானால் அது நமக்கு என்று எந்தச் சட்டமும் சொல்வதில்லை. மாமன்னர் பிரதமரின் ஆலோசனைப்படி நியமிப்பதால், கடிதம் அரண்மனை முகவரிக்குப் போனாலும் முடிவு புத்ராஜெயாவில்தான். தவணை மூன்று ஆண்டு. ஒருவருக்கு இரண்டு தவணைக்கு மேல் இல்லை. வயது 30 ஆகியிருக்கவும் வேண்டும்: நாவலர் பரிந்துரைத்த இளைஞர் இங்கே இன்னும் இரண்டு ஆண்டு பொறுக்க வேண்டியிருந்திருக்கும்.