சினமும் சுனாமியும்: தீவு கற்பித்த பாடம்

நாலடியாரில் 'சினமின்மை' என்றே ஓர் அதிகாரம் உண்டு. அந்நூலைப் பாடியவர் சமண முனிவர்கள் என்பது மரபு. குரோதம், மானம், மாயை, லோபம் எனும் நான்கையும் கஷாயங்கள் என்று எங்கள் நூல்கள் வகுக்கின்றன. அபர்டீன் பஜாரில் கடை வைத்துப் பிழைக்கும் எனக்குப் பள்ளிப் படிப்பு குறைவு. ஆனாலும் சினத்தைப் பற்றி எல்லாம் தெரியும்னு இருந்தேன். 26-12-2004 அந்த எண்ணத்தைக் கலைத்தது.

கடையில் ராமநாதபுரம் பக்கத்துத் தம்பி ஒருவன் வேலை பார்த்தான். சுனாமிக்குப் பின், நிலம் லேசாக அதிர்ந்தாலும் தராசைத் தள்ளிவிட்டுத் தெருவுக்கு ஓடுவான்; வாடிக்கையாளர்களிடம் எரிந்து விழுவான். நான் நாலடியார் சொன்னேன். ஒருநாள் கை நீட்டிவிட்டேன். அகிம்சை பேசும் குலத்தில் பிறந்தவன்! "ஏன் இப்படி வருதுன்னு எனக்கே தெரியலை மொதலாளி" என்று அழுதவன், அடுத்த கப்பலில் ஊர் போய்விட்டான்.

அந்த நாட்களில்தான் பெங்களூரு நிம்ஹான்ஸ் நிறுவனத்தின் மனநலக் குழுவினர் இத்தீவுகளில் பணியாற்றினர். 74 முகாம்களில் 12,784 பேர் தங்கியிருந்தனர். கார் நிக்கோபாரில் சுமார் 8,100 பேர் இடம்பெயராமல் இருந்தனர். அக்குழுவினர் 2008-இல் வெளியிட்ட ஆய்வின்படி, இடம்பெயர்ந்தோரில் மனநோய் 5.2 விழுக்காடு, பெயராதோரில் 2.8 மட்டுமே. சொந்த மண்ணும் சுற்றமும் மனதுக்குக் காவல் என்றே நான் இதைப் புரிந்துகொள்கிறேன்.

சுற்றம் மட்டும் போதாதவர்களுக்குத்தான் மருத்துவ உளவியலாளர். இவர் மருந்து எழுதுவதில்லை. பேச்சாலும் பயிற்சியாலும் குணப்படுத்துபவர். உணர்ச்சியை அடக்கமுடியாமல் தவிப்போருக்கென அமெரிக்காவின் மார்ஷா லினஹன் என்னும் அம்மையார் ஒரு சிகிச்சை முறையை வகுத்து, 1993-இல் நூலாக்கினார். தாமும் இளவயதில் மனநல மருத்துவமனையில் கிடந்தவர் என்பதை 2011-இல் வெளிப்படையாகச் சொன்னார். அவர் முறையில் நான்கு பயிற்சிகள்: விழிப்போடிருத்தல், துன்பம் பொறுத்தல், உணர்ச்சியைச் சீர்செய்தல், பிறரோடு பழகுதல். வந்த உணர்ச்சிக்கு முதலில் பெயர் சொல்ல வேண்டும். பிறகு அது எதனால் வந்தது, நிலைமைக்குப் பொருந்துகிறதா என்று பார்க்க வேண்டும். பொருந்தாவிட்டால் அது தூண்டுவதற்கு எதிரானதைச் செய்து பழக வேண்டும்.

இம்முறையின் உயிர்நாடி, 'நீ இருப்பது சரி' என்பதையும் 'நீ மாறவும் வேண்டும்' என்பதையும் ஒருசேரப் பிடித்திருப்பது. அனேகாந்தம் படித்த எனக்கு இது புதிதல்ல. ஆனால் அந்தத் தம்பியிடம் நான் சொன்னது பின்பாதி மட்டுமே. அவன் சினத்துக்கு அடியில் இருந்தது அச்சம். அதன் பெயரை நான் கேட்கவே இல்லை.

அன்பர்களே, நாமெல்லாம் ஊரையும் உறவையும் விட்டுக் கடல் தாண்டி வந்தவர்கள். நம் சங்கமே நமக்குச் சுற்றம். நம் வீட்டுப் பிள்ளை எரிந்து விழுந்தால் திமிர் என்று முடிவு கட்டவேண்டாம். 2022 அக்டோபரில் தொடங்கிய டெலி மானஸ் சேவையை 14416 எண்ணில் கூப்பிடலாம், தமிழிலும் பேசலாம். எனக்குப் பிந்திக் கிடைத்த அறிவு உங்களுக்கு முந்திக் கிடைக்கட்டும்.