செரித்த மொழியே செழித்த மொழி

பள்ளிதோறும் பாடப்படும் தமிழ்த்தாய் வாழ்த்து, ஆங்கிலக் கதையொன்றைத் தழுவி எழுந்த நாடகத்தின் முகப்பில் நிற்பது என்றால் சிலர் முகம் சுளிப்பர். தூய தமிழுக்கு இரவல் கதை எதற்கு என்பர். அவர்கள் பிரெஞ்சு மொழியின் வரலாற்றைச் சற்றே புரட்டிப் பார்க்கட்டும்.

பதினாறாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பிரெஞ்சு மொழிக்குப் பல்கலைக்கழகத்தில் இடமில்லை. வழிபாடு இலத்தீனில், பாடமும் இலத்தீனில். உழவனின் மொழி பாமர மொழியாம்! வடமொழி தேவமொழி, தமிழ் நீசமொழி என்று கேட்டுப் புண்பட்ட செவிகளுக்கு இது புதுக் கதையன்று. 1539இல் முதலாம் பிரான்சுவா மன்னன், நீதிமன்ற ஆவணங்கள் யாவும் பிரெஞ்சிலேயே இருத்தல் வேண்டும் என ஆணையிட்டான். மறு ஆண்டே எத்தியேன் தோலே என்னும் அறிஞர் மொழிபெயர்ப்புக்கு ஐந்து விதிகள் வகுத்தார். சொல்லுக்குச் சொல் வைக்கும் அடிமைத்தனம் ஆகாது, இலத்தீன் வாடை வீசும் சொற்களை வீணே புகுத்தலாகாது என்பன அவற்றுட் சில. அவர் பெற்ற பரிசு யாது? பிளேட்டோவின் பெயரால் வழங்கிய உரையாடல் ஒன்றை மொழிபெயர்க்கையில், செத்தபின் மனிதன் ‘ஒன்றுமே’ இல்லை என ஓர் அழுத்தம் கூட்டினார். அது குற்றங்களுள் ஒன்றாயிற்று. 1546 ஆகஸ்டு 3 அன்று பாரிசு நகரில் அவரைக் கொன்று எரித்தனர். அவர் நூல்களும் உடன் எரிந்தன. ஆன்மாவைக் காக்க உயிரைப் பறிப்பதுதானே மதவெறியரின் அறம்!

தீ மொழியை எரிக்கவில்லை. 1549இல் து பெல்லே என்னும் இளங்கவிஞர் பிரெஞ்சு மொழியின் காப்புக்கென ஒரு நூல் எழுதினார். பெயர்த்தெழுதுவது மட்டும் போதாது. உரோமர் கிரேக்க நூல்களை உண்டு, செரித்து, தம் குருதியாக்கிக் கொண்டனர். நாமும் அவ்வாறே செய்வோம் என்றார். அந்நூலின் பல பகுதிகளே ஸ்பெரோனி என்ற இத்தாலியரிடமிருந்து எடுத்தவை என்பது வேடிக்கை. உண்ணச் சொன்னவர் தாமும் நன்றாகவே உண்டிருக்கிறார்!

அவர் சொன்ன அச்செயலைத் தமிழில் செய்து காட்டியவர், கம்பம் பள்ளத்தாக்கின் மேற்கு மலைக்கு அப்பால் திருவிதாங்கூரில் வாழ்ந்த பேராசிரியர் சுந்தரனார். லிட்டன் பிரபு எழுதிய ‘இரகசிய வழி’ என்னும் கதையை எடுத்தார். 1891இல் மனோன்மணீயம் பிறந்தது. பாண்டியன் சீவகன், சூதே உருவான அமைச்சன் குடிலன், சேரன் புருடோத்தமன், சுந்தர முனிவர் அமைத்த சுரங்க வழி! எங்கேனும் அயல்நாட்டு வாடை உண்டா? அதே ஆண்டுகளில் நம் மலையில் மெய்யாகவே ஒரு சுரங்கம் குடையப்பட்டு வந்தது. 1886இல் ஒப்பந்தமாகி 1895இல் திறக்கப்பட்ட முல்லைப் பெரியாற்றின் நீர், அதன் வழியே வந்து கம்பத்தில் இருபோகம் விளைத்தது. அந்த நெல்லைத் திருவிதாங்கூர் நெல் என்பார் உண்டோ?

குறை ஒன்றும் சொல்ல வேண்டும். சுந்தரனாரின் செய்யுள் நடை புலவர்க்கு விருந்து. எளியோர்க்கு எட்டாக் கனி. ஐந்து அங்கமும் படிப்பறையிலேயே தங்கின. மேடையைப் புராணக் கூத்துகளே ஆண்டன.

ஆயினும் அஞ்சா நெஞ்சினர் அவர். ஆரியம் உலக வழக்கொழிந்தது, தமிழோ இளமை குன்றாதது என்று வாழ்த்திலேயே பாடினார். 1970இல் அரசு விழாக்களுக்கு உரியதாக்கியபோது அவ்வடிகள் விடப்பட்டன. பொதுமேடைக்கு அது பொருந்தலாம். வகுப்பறையிலேனும் மாணவர் முழுப்பாட்டையும் படிக்கட்டும்.

பிரெஞ்சு மன்னன் 1539இல் இட்ட ஆணையோ நமக்கு இன்னும் வாய்க்கவில்லை. உயர்நீதிமன்றத்தில் தமிழ் வேண்டும் எனச் சட்டமன்றம் 2006இல் தீர்மானம் நிறைவேற்றியும், அங்கே கோலோச்சுவது ஆங்கிலமே. 2004இல் மதுரைக்குக் கிளை வந்தது. கம்பத்து உழவனுக்குப் பயணத் தொலைவு குறைந்தது. தன் வயலைப் பற்றி வழக்கறிஞரும் நீதிபதியும் என்ன பேசினார்கள் என்பதை மட்டும், அவன் இன்றும் அருகில் நிற்பவரிடம் கேட்டே அறிகிறான்.